தராசு ஒன்றாக இருக்கட்டும்

 

எல்லாப் புகழும் இறைவன் ஒருவனுக்கே. இம்மாதம் உங்கள் முன் வைக்க நினைத்திருந்த விஷயம் வேறு. ஆனால் சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் பள்ளித் தாழ்வாரத்தில் எழுந்த ஒரு கேள்வி, அதை ஒதுக்கிவைக்கச் செய்துவிட்டது.

தேநீர் அருந்திக்கொண்டு சிலர் அமர்ந்திருந்தோம். கம்ப்யூட்டர் கம்பெனியொன்றில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் கேட்டார்: “ஹஜரத், ஒரு கம்பெனியின் தலைவர் தம் சொந்தப் பணத்தை ஓர் அரசியல் இயக்கத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கிறார். அதைப் பற்றி மற்றவர்கள் கேட்கலாமா?”

நான் வாய் திறக்குமுன் அருகிலிருந்த பெரியவர் பதில் சொல்லிவிட்டார்: “இதிலென்ன சந்தேகம், தம்பி? அவர் பணம், அவர் இஷ்டம். கம்பெனிப் பெட்டியிலிருந்தா எடுத்துக் கொடுத்தார்?” எல்லோரும் தலையசைத்தோம்.

வாலிபர் சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “சரி, மாமா. நம் பெண்பிள்ளைகள் முக்காடு போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகக் கூடாதென்று சட்டம் கொண்டுவரும் இயக்கத்துக்கு அவர் அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால்?”

யாரும் பேசவில்லை. பெரியவரின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமலே நின்றது. ஒரே கேள்விக்கு, இரண்டு நிமிஷத்துக்குள், எங்கள் உள்ளத்தில் இரண்டு பதில்கள்! நமக்கு நோகாதபோது ஒரு நியாயம். நமக்கு நோகும்போது இன்னொரு நியாயம். சகோதரர்களே, அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வாலிபர் மனத்தில் வைத்துக் கேட்டது நடந்த ஒரு சம்பவம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிரெண்டன் ஐக் என்றொரு கம்ப்யூட்டர் நிபுணர் இருக்கிறார். இணையப் பக்கங்களை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கணினி மொழியை 1995-இல் உருவாக்கியவர் அவரே. இன்று உங்கள் கைத்தொலைபேசியில் நீங்கள் திறக்கும் பக்கங்களில் பெரும்பாலானவற்றில் அவருடைய உழைப்பின் சாயல் உண்டு. ஃபயர்பாக்ஸ் என்னும் உலாவியை வெளியிடும் மொஸில்லா அமைப்பைத் தோற்றுவித்தவர்களிலும் அவர் ஒருவர்.

2008-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளச் சட்டம் தடை போடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்தவர்கள், திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டுமே என்று மாநில அரசியல் சாசனத்தில் எழுதிவிட வேண்டுமென்று ஒரு பிரேரணையை மக்கள் வாக்குக்குக் கொண்டுவந்தார்கள். எட்டாவது பிரேரணை என்பது அதன் பெயர். அந்தப் பிரசாரத்துக்கு ஐக் தம் சொந்தப் பணத்திலிருந்து 1,000 டாலர் கொடுத்தார். 2008 நவம்பர் 4-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 52 பேர் ஆதரிக்க, பிரேரணை நிறைவேறியது. பின்னர் வழக்குகள் நடந்தன. 2013 ஜூன் மாதத்தில் அந்தத் தடை செயலற்றுப் போயிற்று. 2024 நவம்பரில் மக்கள் மீண்டும் வாக்களித்து அந்த வாசகத்தையே சாசனத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஐக் கொடுத்த நன்கொடை 2012-இல் பலருக்குத் தெரியவந்தது. சலசலப்பு உண்டாயிற்று, அடங்கியும் போயிற்று. 2014 மார்ச் 24-ஆம் தேதி அவரை மொஸில்லா கம்பெனியின் தலைமை நிர்வாகியாக நியமித்தார்கள். உடனே பழைய நெருப்பு மூண்டது. அங்கே வேலை செய்த சிலரே, அவர் விலக வேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டார்கள். துணை தேடுவோருக்கான ஓகேகியூபிட் என்னும் இணையத்தளம், ஃபயர்பாக்ஸ் வழியாக வருபவர்களுக்கு ஓர் அறிவிப்பைக் காட்டி, வேறு உலாவிக்கு மாறும்படி வேண்டியது. நியமனம் அறிவிக்கப்பட்ட பதினோராம் நாள், ஏப்ரல் 3-ஆம் தேதி, ஐக் பதவியை விட்டு விலகினார். அவரை யாரும் நீக்கவில்லை, தாமாகவே விலகினார், வேறு பொறுப்பில் இருக்கும்படி வேண்டிக்கொண்டோம் என்று அமைப்பு சொல்லியது.

அந்தத் திருமணத்தைப் பற்றி நம் மார்க்கத்தின் நிலை என்ன என்பது நீங்கள் அறிந்ததே. இன்றைய பேச்சு அதைப் பற்றியதன்று. ஐக்கின் கட்சி நமக்குப் பிடித்திருப்பதால் அவருக்கு அநீதி நடந்ததென்று சொல்லிவிடுவது எளிது. தராசின் ஒரு தட்டில் நம் விருப்பத்தைக் கல்லாக வைத்துவிட்டு, மறு தட்டில் சரக்கை நிறுப்பவன் நியாயமான வியாபாரியல்லன். விருப்பும் வெறுப்பும் நம்மை நீதியிலிருந்து வழுவச் செய்யலாகாது என்பதல்லவா நமக்கிடப்பட்டிருக்கும் கட்டளை? ஆகவே இரு தரப்பாரின் சொல்லையும் பொறுமையாகக் கேட்போம்.

கேள்வி கேட்டவர்கள் சொன்னது இது: “ஒருவர் மனத்தில் என்ன எண்ணுகிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. என் வீட்டுக் கதவைச் சட்டம் போட்டு அடைக்க அவர் பணம் கொடுத்திருக்கிறார். நாளை என் சம்பளத்தையும் என் உயர்வையும் அவரே தீர்மானிப்பார். நான் எப்படி நிம்மதியாக வேலை செய்வது?”

ஐக்கின் பக்கம் நின்றவர்கள் சொன்னது இது: “எழுபது லட்சம் பேர் வாக்களித்த பக்கத்துக்குத்தான் அவரும் கொடுத்தார். சட்டம் அனுமதித்த காரியத்தைச் செய்தார். அதற்காக ஆறு வருஷம் கழித்து ஒருவருடைய பிழைப்பில் கைவைப்பதென்றால், நாளை எவர்தாம் துணிந்து ஒரு பக்கம் நிற்பார்?”

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விஷயம் கடினமாகிறது.

முதலாவதாக, “அவர் பணம், அவர் இஷ்டம்” என்ற பெரியவரின் சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் நம்பிக்கையின்படி பணம் எவனுக்கும் முழுச் சொந்தமன்று. அது அமானத். எப்படிச் சம்பாதித்தாய், எந்த வழியில் செலவழித்தாய் என்ற இரண்டு கேள்விகளும் மறுமையில் காத்திருக்கின்றன. அப்படியானால் “என் பணம், நீ கேட்காதே” என்று மார்தட்டுவது ஒரு முஃமினின் பேச்சாக இருக்க முடியாது.

ஆனால் இறைவன் கேட்பது வேறு, மனிதர் கேட்பது வேறு. மனிதருக்குக் கேட்கும் உரிமை எங்கே தொடங்குகிறது? ஏழைக்கு இரகசியமாகக் கொடுத்த தர்மத்தை எவரும் கேட்க வேண்டியதில்லை. வலது கை கொடுப்பதை இடது கையும் அறியாதிருப்பது அங்கே சிறப்பு. அரசியல் நன்கொடையோ அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது சட்டத்தை ஆக்குவதற்காகக் கொடுக்கப்படுவது. சட்டம் கொடுத்தவன் வீட்டோடு நின்றுவிடுவதில்லை; அடுத்தவன் வீட்டுக்குள்ளும் நுழைகிறது.

வாக்குச் சீட்டை மறைவாகப் போடச் சொல்லும் அதே நாடுகள், நன்கொடையை மட்டும் வெளியே சொல்லச் சொல்வது ஏன்? வாக்கு ஆளுக்கொன்று, கோடீசுவரனுக்கும் ஒன்று, கூலியாளுக்கும் ஒன்று. பணம் அப்படியன்று. ஒருவன் கைப்பணம் பதினாயிரம் பேருடைய காதுகளை எட்டும். ஆகையால் யார் குரலுக்குப் பின்னால் யாருடைய பணம் இருக்கிறது என்பதை ஜனங்கள் அறிய வேண்டுமென்று சட்டம் விதிக்கிறது. கலிபோர்னியாவில் 100 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் இடம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஐக்கின் பெயர் வெளியானது அந்தப் பட்டியலிலிருந்துதான். யாரும் அவர் வீட்டுப் பெட்டியை உடைத்துப் பார்க்கவில்லை.

கலீபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் அவர்களைப் பற்றி நம் முன்னோர் சொல்லும் வரலாறு நினைவுக்கு வருகிறது. இரவில் அரசாங்க அலுவல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்தவர் சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும், எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு வேறொரு விளக்கை ஏற்றினார்களாம். முதல் விளக்கில் எரிந்தது பொதுமக்களின் எண்ணெய். இரண்டாவதில் எரிந்தது அவர்களுடைய சொந்த எண்ணெய். சொந்தம் எது, பொது எது என்று பிரித்தறிந்த பெருந்தகை அவர்கள். நாமும் அப்படிப் பிரிக்க வேண்டும். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். எண்ணெய் எவருடையது என்பது மட்டுமே கேள்வியன்று. அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதும் கேள்வி. சொந்த எண்ணெயில் ஏற்றிய விளக்காயினும், அதன் சுடர் பக்கத்து வீட்டுக் கூரையைத் தொடுமானால், “அணையுங்கள்” என்று கேட்கப் பக்கத்து வீட்டானுக்கு உரிமை இல்லையா?

ஆகவே ஒரு முடிவுக்கு வருகிறோம். பிறரைத் தொடும் சட்டத்துக்காகப் பணம் கொடுத்தவரைப் பிறர் கேட்கலாம். கேட்பது அவதூறன்று, புறமும் அன்று. அதிகாரத்தில் உள்ளவராயின், கேட்கப்படுவது அப்பதவியின் பாரங்களில் ஒன்று.

அப்படியானால் கேட்பதற்கு எல்லையே இல்லையா? உண்டு, சகோதரர்களே, உண்டு. கேட்பது ஒன்று, துருவுவது மற்றொன்று, தண்டிப்பது வேறொன்று. இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும்போதுதான் அநீதி பிறக்கிறது.

ஹஜரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஓரிரவு நகர்வலம் வந்தபோது, ஒரு வீட்டினுள் தகாத கேளிக்கை நடக்கும் சத்தம் கேட்டுச் சுவரேறிப் போனதாக ஒரு வரலாறு உண்டு. வீட்டுக்காரன் அஞ்சவில்லை. “நான் செய்தது ஒரு குற்றம், அமீருல் முஃமினீன் அவர்களே, நீங்கள் செய்தது மூன்று. துருவினீர்கள், வாசல் வழியே வராமல் சுவரேறி வந்தீர்கள், அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தீர்கள்” என்றானாம். நீதிக்குப் பேர்போன அந்தக் கலீபா அவனைத் தண்டியாமல் திரும்பினார்கள். பிறர் குற்றத்தைக் காணப் புறப்பட்டவன், தன் கால் எங்கே மிதிக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம்.

அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. அங்கே கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்திடம், அதன் உறுப்பினர் பட்டியலைக் கொடு என்று அலபாமா மாநில அரசாங்கம் 1956-இல் கேட்டது. சங்கம் மறுத்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். ஏன் மறுத்தது? பட்டியல் வெளியானால் அதிலுள்ளவர்களின் வேலை போகும், கடன் கிடைக்காது, வீட்டில் கல் விழும், உயிருக்கே ஆபத்து வரும். 1958-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பட்டியலைக் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. பெயர்ப் பட்டியல் வல்லவனைக் கட்டுப்படுத்தும் கயிறாகவும் ஆகலாம். எளியவனைத் தூக்கிலிடும் கயிறாகவும் ஆகலாம்.

நம் சமுதாயத்துக்கும் இந்த அச்சம் புதிதன்று. 2001-க்குப் பின் அமெரிக்காவிலுள்ள முஸ்லிம்களில் பலர், ஜகாத் பணத்தை ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு அனுப்பவும் அஞ்சினார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த காசுக்காகப் பின்னொரு நாள் கேள்வி வருமோ என்று நடுங்கினார்கள். 2009 ஜூன் 4-ஆம் தேதி கெய்ரோவில் பேசிய ஜனாதிபதி பராக் ஒபாமா, தர்மப் பணத்தைப் பற்றிய தம் நாட்டு விதிகள் முஸ்லிம்களின் ஜகாத் கடமையைக் கடினமாக்கிவிட்டன என்று ஒப்புக்கொண்டார். கொடுத்தவன் பெயர் பட்டியலில் ஏறுவது எத்தகைய அச்சம் என்பதை அறிந்த சமுதாயம் நாம்.

எட்டாவது பிரேரணையிலும் அது நடந்தது. 2009-இல் ஓர் இணையத்தளம், பணம் கொடுத்தவர்களின் பெயர்களை வரைபடத்தில் அவர்கள் வீடுகளின்மேல் குறித்துக் காட்டியது. 100 டாலர் கொடுத்த சாதாரண மனிதனின் வாசல் எதற்காக ஊருக்குக் காட்டப்பட வேண்டும்? கொடுத்தவன் எவன் என்று அறிவது சட்டத்தின் நோக்கம். கொடுத்தவன் வாசலில் போய் நிற்பது அந்த நோக்கமன்று.

ஆகவே, கேட்பதற்கும் தண்டிப்பதற்கும் இடையில் ஒரு தராசு வேண்டும். என் சிற்றறிவுக்கு எட்டியவரை, அதில் மூன்று எடைக்கற்களை வைக்கலாம்.

முதற்கல், கொடுத்ததன் கனம். எட்டாவது பிரேரணைக்காக இரு தரப்பிலும் செலவான பணம் 8 கோடி டாலருக்கும் மேல். அதில் ஐக் கொடுத்தது 1,000 டாலர். கடலில் ஒரு குவளை நீர். மறுபுறம், மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா கம்பெனியின் தலைவர் ஈலான் மஸ்க் 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் செலவிட்ட பணம் 25 கோடி டாலருக்கும் அதிகம். ஐக்கின் ஒரு டாலருக்கு இவருடையது இரண்டரை லட்சம் டாலர்! 2025 ஜனவரியிலிருந்து மே மாத இறுதி வரை அவரே அரசாங்கச் செலவைக் குறைக்கும் பணியில் ஜனாதிபதியின் பக்கத்தில் அமர்ந்தார். இவ்விருவரையும் ஒரே வார்த்தையால் “நன்கொடையாளர்” என்று அழைப்பது, தூறலையும் வெள்ளத்தையும் “தண்ணீர்” என்று அழைப்பதைப் போன்றது. முதலாவதைத் தனி மனிதனின் அபிப்பிராயம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது, அதிகாரம். அதிகாரத்தைக் கேள்வி கேட்காமல் விடுவது சமுதாயத்துக்கு நல்லதன்று.

இரண்டாம் கல், கொடுத்தவர் கையிலுள்ள அமானத். ஒரு தொழில்நுட்ப நிபுணர் என்ன நினைக்கிறார் என்பது அவருடைய வேலையை அதிகம் தொடுவதில்லை. ஐக்கும் 2012-க்குப் பின் இரண்டு வருஷம் தொழில்நுட்பத் தலைவராக நீடித்தார் என்பதை நினைத்துப் பாருங்கள். தலைமைப் பதவிக்கு வந்தபோதுதான் கேள்வி கடுமையாயிற்று. அதில் ஒரு நியாயம் உண்டு. தலைவர் என்பவர் பலருடைய உணவுத் தட்டுக்குப் பொறுப்பாளி. மொஸில்லாவோ ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்களை நம்பி வளர்ந்த அமைப்பு. நம் சங்கத்தின் பொருளாளர் ஒரு பிரிவினரை ஒதுக்கும் முயற்சிக்குப் பணம் கொடுத்தாரென்றால், அந்தப் பிரிவைச் சேர்ந்த விதவை உதவிப் பணம் கேட்டு அவர் முன் வந்து நிற்கும்போது அவள் நெஞ்சு படபடக்காதா? அவர் பாரபட்சம் பார்க்கமாட்டார் என்று நாம் ஆயிரம் சொன்னாலும், அந்தப் படபடப்பு பொய்யாகிவிடாது. அதைத் தணிக்கும் கடமை அவருடையது.

மூன்றாம் கல், அவருடைய நடத்தை. பணம் கொடுத்தது ஒரு நாள். பழகியது பல வருஷம். மொஸில்லாவின் தலைவியாக இருந்த மிட்செல் பேக்கர், ஐக்கின் நன்கொடை 2012-இல் தெரியவந்தபோது தாம் வியப்படைந்ததாகவும், அவர் எவரையும் ஒதுக்கும் விதமாக நடந்ததைத் தாம் கண்டதில்லையென்றும் எழுதினார். ஐக்கும் பதவிக்கு வந்த சில நாட்களில், தம்மால் மனம் நொந்தவர்களுக்காக வருத்தம் தெரிவித்து, எல்லோரையும் சமமாக நடத்துவதாக எழுத்தில் உறுதி கூறினார். ஆனால் தம் நம்பிக்கையை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. இங்கேதான் மனச்சாட்சிக்குச் சோதனை. ஒருவனிடம் நியாயமான நடத்தையைக் கேட்பது நம் உரிமை. அவன் கல்பையே திறந்து காட்டு என்று கேட்பது நம் உரிமையா? கல்பைப் பார்ப்பவன் ஒருவனே.

இம்மூன்று கற்களையும் வைத்து நிறுத்துப் பார்த்தால், ஐக்கின் விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இது: அவரிடம் கேள்வி கேட்டது நியாயம், பதில் தர அவகாசம் கொடாமல், பதினோரு நாளில் அவர் நிற்க முடியாத நிலையை உண்டாக்கியது மிகை. அவர் சொன்ன உறுதியைச் செயலில் காட்ட ஒரு வருஷமாவது தந்து பார்த்திருக்கலாம். தவறினால் அப்போது கேட்டிருக்கலாம். உங்களில் சிலருக்கு இது வேறு விதமாகத் தோன்றலாம், தோன்றட்டும். ஆனால் நீங்களும் அதே கற்களை வைத்து நிறுத்துப் பாருங்கள்.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. ஐக் பதவி விலகிய அதே ஏப்ரல் மாதத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்கள் ஐக்கின் கட்சியினர் அல்லர். அவர் எதிர்த்த திருமண உரிமையை ஆதரித்தவர்கள்! மாற்றுக் கருத்துடையவரைப் பதவியிலிருந்து விரட்டுவது தங்கள் கொள்கைக்கே இழுக்கு என்று தங்கள் தரப்பாரையே அவர்கள் கண்டித்தார்கள். தன் பக்கத்தாருக்கு எதிராகவும் நியாயம் பேசுவதுதான் நீதியின் உரைகல். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு இருக்கிறது?

இன்னொரு செய்தியும் கேளுங்கள். ஃபயர்பாக்ஸை விட்டு மாறச் சொன்ன அந்த இணையத்தளத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரே, அத்திருமணத்துக்கு எதிராக வாக்களித்து வந்த காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 2004-இல் 500 டாலர் கொடுத்திருந்தார் என்பது சில நாட்களில் வெளிவந்தது. வேறு காரணத்துக்காகக் கொடுத்தேன், அவருடைய அந்தக் கொள்கையை அறியாதிருந்தேன் என்று அவர் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை ஏற்கலாம். ஆனால் தமக்குக் கிடைத்த அந்தச் சலுகையை மற்றவருக்கும் கொடுத்திருக்க வேண்டாமா? அடுத்தவன் கணக்கைப் பார்க்குமுன் நம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, வாங்குகிறவன் என்ன செய்வது? தனக்குப் பிடிக்காத காரியத்துக்குப் பணம் கொடுக்கும் முதலாளியின் சரக்கை வாங்காமல் இருக்க அவனுக்கு உரிமை உண்டு. நாமும் அதைச் செய்கிறோமே! 2023 அக்டோபருக்குப் பின் மலேசியாவில் எத்தனையோ குடும்பங்கள், காஸா மக்களின் துயரத்தை எண்ணிச் சில கடைகளின் வாசலை மிதிப்பதில்லை என்று உறுதி பூண்டன. வியாபாரியின் பணம் எங்கே போகிறது என்று கேட்பது அப்போது நமக்கு மார்க்கக் கடமையாகத் தோன்றியது. அப்படியிருக்க, வேறொருவர் தம் வேதனைக்காக அதே கேள்வியைக் கேட்கும்போது, “உனக்கென்ன?” என்று நாம் சொல்லலாகுமா?

ஆனால் புறக்கணிப்புக்கும் ஒழுங்கு உண்டு. கேள்விப்பட்டதையெல்லாம் தீர விசாரியாமல் பரப்பலாகாது. முதலாளியின்மேல் உள்ள கோபத்தைக் கல்லாவில் நிற்கும் ஏழைப் பிள்ளையின்மேல் காட்டலாகாது. 2025-இல் மஸ்க் மீதிருந்த கோபத்தால் சிலர் டெஸ்லா கார்களுக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கார்களை வாங்கியவன் செய்த பாவமென்ன? வாங்காமல் இருப்பது உரிமை, எரிப்பது அக்கிரமம்.

கடைசியாக, கொடுப்பவர்களாகிய நமக்கு ஒரு வார்த்தை. பெரிய முதலாளிகளைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போய்விடுவது சுலபம். நாமும் கொடுக்கிறோம். வேட்பாளருக்குக் கொடுக்கிறோம், கட்சி விருந்துக்கு மேஜை வாங்குகிறோம், சங்கத் தேர்தலில் வேண்டியவருக்காகச் செலவழிக்கிறோம். கொடுக்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: இந்தக் காசு யாருடைய கதவைத் திறக்கும்? யாருடைய கதவை அடைக்கும்? அடைபட்டவன் நாளை என் முன் வந்து நின்று “ஏன் கொடுத்தீர்?” என்று கேட்டால், அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் முடியுமா? முடியுமானால் கொடுங்கள், தைரியமாகக் கொடுங்கள். முடியாதென்றால், அந்தக் காசு உங்கள் பையிலேயே இருப்பது உங்களுக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது.

அன்று தாழ்வாரத்தில் மௌனம் நீண்டபோது, அந்தப் பெரியவர்தாம் அதைக் கலைத்தார். “தம்பி, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் ஒரே பதில் சொல்லத் தெரிகிறவரை, நான் பதிலே சொல்லாமல் இருந்திருக்க வேண்டும்” என்றார். அந்த வயதில் அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு பெரிய மனது வேண்டும்! நான் பேசிய இவ்வளவையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வேண்டியவனுக்கும் வேண்டாதவனுக்கும் ஒரே தராசால் நிறுக்கும் நேர்மையை இறைவன் நமக்கு அருள்வானாக. நாம் கொடுப்பது எவருக்கும் அநீதியாக ஆகாமல் காப்பானாக. பிறரைக் கேட்குமுன் நம்மைக் கேட்டுக்கொள்ளும் தௌபீக்கைத் தருவானாக. ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.